மேசைக்கு நீ ஆர்டர் சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் பீஷான் பூங்கா வரை நடந்து போய் வருகிறாள்.

போன வாரம் நீ அம்மாவிடம் போனில் பேசியது என் காதிலும் விழுந்தது. அலுவலக நண்பர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெல்பர்னில் உன் வீட்டுப் பக்கத்து உணவகத்தில் கூடுகிறார்கள். சின்னச் சின்னத் தட்டுகளாக வரவழைத்து நடுவில் வைத்து எல்லாரும் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். நீ தலைவலி என்றும் வேலை என்றும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிடுகிறாய். போனால் வருவதில் பாதி மாட்டிறைச்சி, மீதியில் பன்றி. ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு ஒரு தட்டில் நாலு துண்டு. யார் விட்டுக்கொடுப்பது என்று பார்த்தால் ஒவ்வொரு முறையும் நீதான். கடைசியில் பில்லை மட்டும் ஐந்தாகச் சரிசமமாக வகுக்கிறார்கள். "வயிறும் நிறையலம்மா, மனசும் நிறையல" என்றாய். "அப்ப போகாதே, வீட்டிலேயே சாப்பிடு" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

எனக்குப் போனில் நீளமாகப் பேச வராது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ போக வேண்டும், பாப்பா. இனிமேல் மெனுவை உன் கையில் வாங்கு. நடுவில் தட்டு வைத்துச் சாப்பிடுகிற மேசையில் ஆர்டர் சொல்கிறவர்தான் முக்கியமான ஆள். யாருக்கு எது ஆகாது, யாருக்குப் பசி அதிகம், யார் வாய் திறந்து கேட்க மாட்டார்கள் என்று பார்த்து ஆர்டர் சொல்ல ஒருவர் இருந்துவிட்டால் அந்த மேசையில் யாரும் பசியோடு எழுந்திருக்க மாட்டார்கள். அந்த வேலையை நீ எடுத்துக்கொள். உன்னால் முடியும். சின்ன வயதிலிருந்தே நீ பார்த்ததுதானே.

நான் இதைக் கற்றுக்கொண்டது துறைமுகத்தில். தஞ்சோங் பகார் முனையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஷிஃப்டில் ஒரு சீன ஃபோர்மன் இருந்தார். சம்பளம் வந்த வாரத்தில் எங்களை எல்லாம் சாப்பிட அழைத்துப்போவார். கடையில் போய் உட்கார்ந்த பிறகு யோசிக்கிற ஆள் இல்லை. முனையத்தின் வாசலிலேயே கேட்பார், இன்றைக்கு யார் யார் வருகிறீர்கள் என்று. மலாய் நண்பர்கள் வருகிறார்கள் என்றால் ஹலால் கடைதான். மலாய்க்காரர் கடைக்கோ நம் முஸ்லிம் மாமா கடைக்கோ நேராக நடப்பார். சீனக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் "நீங்கள் கோப்பி மட்டும் குடியுங்கள்" என்று அவர்களை அவர் ஒரு நாளும் உட்கார வைத்ததில்லை. மெனுவைத் திறப்பதற்கு முன்னாலேயே, எந்தக் கடை என்று முடிவு செய்யும்போதே பாதி ஆர்டர் முடிந்துவிடுகிறது என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவருடைய கணக்கு எளிமையானது. ஆளுக்கு ஒரு தட்டு. அதில் ஒன்று கீரை, ஒன்று மீன், ஒன்று டோஃபு அல்லது முட்டை, ஒன்று கோழி. ஆள் கூடினால் ஒரு சூப், அதற்கும் மேலே போனால் ஒரு பெரிய தட்டு ஹோர் ஃபன், அதாவது பட்டையான அரிசி நூடுல்ஸ். ஒரே மாதிரிச் சமையலில் இரண்டு தட்டு வரக்கூடாது: ஒன்று பொரித்தது என்றால் அடுத்தது ஆவியில் வெந்தது, ஒன்று காரம் என்றால் அடுத்தது காரமில்லாதது. சோறு அவரவர் கிண்ணத்தில். இந்தக் கணக்கைத்தான் நான் நம் புளோக்குக் கீழே இருக்கிற கோப்பிக்கடையின் சீ சார் கடையில், கேட்டதைச் சமைத்துத் தருகிற அந்தச் சீனக் கடையில், நம் குடும்பத்துக்கும் வைத்துக்கொண்டேன். சிறியது, நடுத்தரம், பெரியது என்று ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று விலை போட்டிருப்பார்களே, அதில் எப்போதும் சிறியதில்தான் ஆரம்பிப்பேன். பற்றவில்லை என்றால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம். மிஞ்சிப்போனால்தான் சங்கடம்.

பாட்டிக்காக நாம் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். அவர் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். ஆளுக்கு ஓர் இலை, அவரவர் இலையில் அவரவர் சாப்பாடு என்றே வளர்ந்தவர். நடுவில் ஒரு தட்டு, அதில் நாலு பேர் கை, நாலு பேர் கரண்டி என்றால் அவருக்கு உடம்பே கூசும். எச்சில் என்பது அவருக்கு வெறும் சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, மரியாதையும் சேர்ந்தது. முதல் தடவை சீ சார் கடைக்கு வந்தபோது ஒரு பருக்கை தொடவில்லை. பாலில்லாத தே ஓ தேநீர் மட்டும் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து ரசம் வைத்துச் சாப்பிட்டார். உன் தயிர்சாதக் கதையைக் கேட்டதும் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வந்தது.

அதற்கு வழி சொன்னவர் அந்தச் சீனக் கடைக்கார அம்மா, நாம் ஆண்டி என்று கூப்பிடுவோமே, அவர்தான். அடுத்த முறை ஒவ்வொரு தட்டோடும் ஒரு பெரிய கரண்டி வந்தது. யார் வாய்க்கும் போகாத கரண்டி. தட்டு வந்து இறங்கியதும் யாரும் தொடுவதற்கு முன்னால் பாட்டியின் தட்டில் முதல் பரிமாறல். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை நீளும். ஆண்டிக்குத் தமிழ் தெரியாது, பாட்டிக்குச் சீனம் தெரியாது. இருவரும் பாதி மலாயில் பேசிக்கொள்வார்கள். குவாலிச் சட்டியைக் கழுவினாயா என்று பாட்டி கேட்பார். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் தண்ணீர் ஊற்றி மூங்கில் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுவதுதான் அங்கே வழக்கம். அதை ஆண்டி அவரைக் கூப்பிட்டே காட்டினார். பெரியவருக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டு நாம் எடுப்பது என்ற பழக்கம் நம் வீட்டுக்கு அப்படித்தான் வந்தது. இன்றைக்கும் நீ அதை விடாமல் செய்கிறாய். போன முறை நாங்கள் மெல்பர்ன் வந்திருந்தபோது உன் தோழிக்கு முதலில் வைத்துவிட்டு நீ எடுத்துக்கொண்டதைப் பார்த்தேன். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

புரட்டாசி மாதம்தான் பெரிய பரீட்சை. பார்வைக்குச் சைவமாக இருப்பதெல்லாம் சைவம் இல்லை என்று அந்த ஆண்டியிடம்தான் கற்றேன். மிளகாய்ச் சம்பலில் வதக்கிய கங்கோங் கீரையில் பெலாச்சான் இருக்கிறது, அது இறாலை நொதிக்க வைத்துச் செய்தது. கைலான் கீரையின் மேலே ஊற்றுவது சிப்பி சாஸ். சூடான இரும்புத் தட்டில் புகைந்துகொண்டு வருகிற டோஃபுவின் மேல் கொத்துக்கறி தூவியிருக்கும், அடியில் முட்டை இருக்கும். "சைவம் இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும். "இதற்குள் மீன் இருக்கிறதா, இறால் இருக்கிறதா, எந்த எண்ணெய், எந்த சாஸ்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கேட்பதற்கு வெட்கப்படாதே. நல்ல சமையல்காரருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். அந்த ஆண்டி பூண்டு மட்டும் தட்டிப் போட்டு வதக்கித் தந்த கங்கோங், பிறகு மாதம் பார்க்காமல் நம் மேசையின் நிரந்தரத் தட்டாகிவிட்டது.

ஒரு விஷயம் சொல்கிறேன் கேள். இந்த ஊரில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டுகள் எப்படி வந்தன என்று பார். மீன் தலைக் கறியை முதலில் விற்றவர் கேரளத்திலிருந்து வந்த கோமெஸ் என்பவர். 1949 வாக்கில், சிலிகி பக்கம் கடை வைத்திருந்தார். சீனர்களுக்கு மீன் தலை என்றால் உயிர் என்று கவனித்தார். அவர்கள் விரும்புகிற தலையை நம் பக்கத்து மசாலாவில், புளி விட்டுக் கொதிக்க வைத்தார். பிறகு சீனக் கடைக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு மசாலாவைக் கொஞ்சம் மட்டுப்படுத்தித் தங்கள் முறையில் சமைத்தார்கள். 1969இல் தொடங்கிய முத்தூஸ் கறியும், 1974இல் தொடங்கிய பனானா லீஃப் அப்போலோவும் ரேஸ் கோர்ஸ் சாலையில் இன்றும் வாழை இலை போட்டு அதைப் பரிமாறுகின்றன. எதிரில் உட்கார்ந்திருக்கும் அந்நியருக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு சமையல்காரர் யோசித்ததில் பிறந்த தட்டு அது. எனக்கு இதைவிடப் பெருமையான உணவு இந்த ஊரில் வேறு இல்லை. சில்லி நண்டும் அப்படித்தான். 1956இல் செர் யாம் தியான் என்ற அம்மையார், நண்டை ஆவியில் வேக வைத்தே கொடுக்கிறாயே, வேறு மாதிரி செய்யேன் என்று கணவர் கேட்டதற்காகத் தக்காளி சாஸும் பிறகு மிளகாயும் சேர்த்துப் பார்த்தார். தள்ளுவண்டியில் தொடங்கிய வியாபாரம். சீனப் புத்தாண்டுக்கு எல்லாரும் எழுந்து நின்று ஒரே தட்டில் குச்சிகளை விட்டு மேலே தூக்கி வாழ்த்துச் சொல்லிக் கலக்குகிற யூஷெங் என்ற பச்சை மீன் சாலட் இருக்கிறதே, இன்றைக்கு நாம் பார்க்கிற ஏழு வண்ண வடிவத்தை 1964இல் நாலு சமையல்காரர்கள் சேர்ந்து கொண்டுவந்தார்கள். உன் பள்ளித் தோழி வீட்டில் நீ முதல் முறை அதைக் கலக்கிவிட்டு வந்து, தலைமுடியில் கேரட் துருவலோடு வாசலில் நின்றாய்.

கடைகளுக்குள் இத்தனை இனமும் இப்படிச் சேர்ந்து உட்கார்வது தானாக நடந்ததும் இல்லை. தெருவில் விற்றுக்கொண்டிருந்தவர்களை 1971 முதல் 1986 வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் வசதியும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றினார்கள். 1989இல் அரசு கட்டிய வீவக அடுக்குமாடி வீடுகளில் இன ஒதுக்கீடு வந்தது. அதனால் ஒவ்வொரு புளோக்கிலும் எல்லாரும் கலந்து குடியிருந்தோம், கீழே இருக்கிற கடையும் எல்லாருக்கும் பொதுவானது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ நம் உணவங்காடிக் கலாசாரத்தை உலகக் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தபோது கோப்பிக்கடையில் எல்லாரும் அதைப் பேசினார்கள். அதே வருஷம் ஏப்ரலில் கொரோனாவால் அதே மேசைகளைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தது. ஜூன் 19 அன்று மறுபடி உட்கார்ந்து சாப்பிட விட்டார்கள், மேசைக்கு ஐந்து பேர் மட்டும். அதற்கு முந்திய வாரங்களில் பொட்டலம் வாங்கி வந்து வீட்டில் சாப்பிட்டோம். அதே கடை, அதே சமையல். ஆனால் ஹோர் ஃபன் டப்பாவுக்குள் வேர்த்துப்போய், குவாலியின் புகை மணம் போய், கட்டியாக இருந்தது. எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில் ஒரே பையில் வந்ததால், "அடுத்து என்ன வருகிறது" என்று எட்டிப் பார்க்கிற சந்தோஷமும் இல்லை. நீயும் டெலிவரி ஆப்பிலேயே காலத்தைத் தள்ளுகிறாய் என்று எனக்குத் தெரியும். சூடாகச் சாப்பிடு, பாப்பா. மனிதர்களோடு சாப்பிடு.

இனி உன் ஊருக்கு வருகிறேன்.

முதலில், மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன், பன்றி சாப்பிட மாட்டேன் என்பதை மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்லாதே. இடம் முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடு. முன்பதிவை நீயே செய்தால் அது சுலபம். "ஃபீட் மீ" என்று ஆளுக்கு இவ்வளவு என விலை வைத்துச் சமையல்காரரே தட்டுகளைத் தீர்மானித்து அனுப்புகிற முறை அங்கே நிறையக் கடைகளில் இருக்கிறதே, அதில் இது இன்னும் முக்கியம். முன்னாலேயே தெரிந்தால் அவர்கள் உனக்கென்று வேறு தட்டு யோசித்து வைப்பார்கள். திடீரென்று சொன்னால் கீரையும் ரொட்டியும்தான் கிடைக்கும்.

இரண்டாவது, அந்த நாலு துண்டுத் தட்டு. பரிமாறுகிறவரிடம் ஆர்டர் சொல்லும்போதே கேள்: ஒரு தட்டில் எத்தனை வரும்? ஐந்தாவது துண்டு சேர்த்து, அதற்கு விலை போட்டுக்கொள்ள முடியுமா? துண்டாக வருகிற பண்டங்களுக்குப் பல கடைகளில் செய்து தருவார்கள். முடியாது என்றால் அந்தத் தட்டை விட்டுவிட்டு, கரண்டியால் எடுக்கிற மாதிரி உள்ளதைச் சொல். கடைசித் துண்டைப் பார்த்துக்கொண்டு ஐந்து பேர் பேசாமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்காது. அது சாப்பாட்டின் ருசியையே கெடுத்துவிடும்.

மூன்றாவது, கடையை நீ தேர்ந்தெடு. பிரன்ஸ்விக்கில் இருந்துகொண்டு நீ கஷ்டப்படலாமா? சிட்னி சாலையில் ஏறினால் லெபனான்காரர்களின் கடைகளும் ரொட்டி அடுமனைகளும் வரிசையாக இருக்கின்றனவே. நாங்கள் வந்தபோது சாப்பிட்டது அம்மாவுக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. அவர்கள் மெஸ்ஸே என்று கொண்டுவருவது முழுக்க முழுக்கப் பங்கிட்டுச் சாப்பிடுவதற்கென்றே உள்ளது. கொண்டைக்கடலையை மசித்து எள் விழுது சேர்த்த ஹம்முஸ், சுட்ட கத்தரிக்காய் மசியல், நீர் வடித்த தயிர், கொத்துமல்லி போலவே இருக்கிற பார்ஸ்லியைப் பொடியாக நறுக்கிய சாலட், ஃபலாஃபெல் என்று பாதிக்கு மேல் இறைச்சியே இல்லாதது. ரொட்டி கேட்கக் கேட்க வரும். இறைச்சி வேண்டும் என்கிற நண்பர்களுக்கு ஆட்டுக்கறியும் கோழியும் கம்பியில் சுட்டு வரும். கோதுமை ரவையும் இறைச்சியும் சேர்த்த கிப்பேயில் மட்டும் மாட்டிறைச்சி சேர்க்கிற கடைகள் உண்டு, கேட்டுக்கொள். பன்றியைப் பற்றி அநேகமாகக் கவலையே இல்லை. உன் நண்பர்களில் ஒருவர் சுத்த சைவம், இன்னொருவர் முஸ்லிம் என்றாயே, அவர்களும் உன்னைப் போலவே ஏதோ சாக்குச் சொல்லிவிட்டுப் போகிறவர்களாக இருக்கலாம். ஹலால் கடையாகப் பார்த்து ஒரு மெஸ்ஸே மேசையைப் போட்டால் மூன்று பேர் பிரச்சினையும் தீரும். மற்றவர்களுக்கும் ஒரு குறையும் வராது.

பணம். இதைச் சொல்ல உனக்குக் கூச்சமாக இருக்கும், அதனால் நான் சொல்கிறேன். நம் கடையில் நண்டை எடை போட்டுத்தான் விற்பார்கள், மெனுவில் விலை இருக்காது. ஆர்டர் சொல்லும் முன் கிலோ என்ன விலை என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்பேன், நீ பார்த்திருக்கிறாய். கேட்பது கஞ்சத்தனம் இல்லை. மேசையில் இருக்கிற எல்லாருடைய பணப்பையையும் மதிப்பதுதான் அது. உன் நண்பர்கள் வைன் குடிக்கட்டும், அது அவர்கள் விருப்பம். "குடிவகையைத் தனியாகப் போடுவோம், சாப்பாட்டைச் சமமாக வகுப்போம்" என்று ஆரம்பத்திலேயே சிரித்த முகமாகச் சொல்லிவிடு. பில் வந்த பிறகு சொன்னால் கணக்குப் பார்ப்பது போல் ஆகிவிடும். உட்கார்ந்ததும் சொன்னால் ஏற்பாடு. சின்னச் சம்பளத்தில் இருக்கிற யாரோ ஒருவர் மனசுக்குள் உனக்கு நன்றி சொல்வார்.

முதல் முறை நீ கூப்பிட்டு நடத்துகிற சாப்பாட்டுக்கு அப்பா பணம் போட்டிருக்கிறேன், உன் கணக்கில் பார்த்துக்கொள். எனக்குச் சம்பாத்தியம் இருக்கிறது என்று திருப்பி அனுப்பாதே. அந்த ஃபோர்மன் எங்களிடம் ஒரு காசு வாங்கியதில்லை. அவருக்கு நான் திருப்பித் தர முடியாததை உன் மேசையில் வைக்கிறேன்.

தீபாவளிக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா? இப்போதே போட்டால் விலை குறைவு. அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள்: அந்த நீர் வடித்த தயிரை எத்தனை மணி நேரம் துணியில் கட்டித் தொங்கவிடுகிறார்கள், உப்பு முதலிலேயே போடுகிறார்களா, கடைசியிலா? கடைக்காரரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா
அங் மோ கியோ, சிங்கப்பூர்